பாரில் அடிபட்ட கீழ் கியர்பெட்டி: திருத்துவதா, பழையதை வாங்குவதா, புதியதைப் பூட்டுவதா?

பாக்கு நீரிணை ஆழமற்ற கடல் என்பதால், கரைக்கும் மீன்பிடி இடத்துக்கும் இடையே பாரிலோ (கடலடிப் பாறைத்திட்டிலோ) மணல்திட்டிலோ வெளியிணைப்பு இயந்திரத்தின் (படகின் பின்புறம் பூட்டும் அவுட்போர்ட் மோட்டாரின்) கீழ்ப்பகுதி, அதாவது புரொப்பெல்லரைச் சுழற்றும் கியர்பெட்டி, மோதுவது கண்ணாடியிழைப் படகுக்காரர்களுக்குப் பழகிப்போன ஆபத்து. மோதிய பிறகு அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: உள்ள கியர்பெட்டியைப் பிரித்துத் திருத்துவது, பயன்படுத்திய பெட்டியொன்றை முழுதாக வாங்கிப் பூட்டுவது, புதிய பெட்டியை வாங்குவது. இவற்றின் விலையை ஒப்பிடும் முன் சேதத்தை அளந்துகொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அளப்பது கடினமல்ல. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நியூட்ரலில் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, அருகே அசையாமல் பிடித்த ஒரு கம்பி முனைக்கு எதிரே அதன் ஷாஃப்டின் (அச்சுத்தண்டின்) நுனி ஆடுகிறதா என்று பார்க்கலாம். கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வடிகுழாய்த் திருகில் பசைபோன்ற நுண்துகள் ஒட்டியிருப்பது வழமையான தேய்மானம், ஆனால் நகத்தால் எடுக்கக்கூடிய இரும்புச் சில்லு வந்தால் பற்சக்கரத்தில் பல் உடைந்திருக்கலாம். உப்புநீர் புகுந்த பெட்டியை அப்படியே விட்டுவைத்தால் பேரிங்குகள் துருப்பிடித்துவிடும் என்பதால், எந்த வழியைத் தேர்ந்தாலும் அன்றைக்கே எண்ணெயை வடித்து, புது எண்ணெயால் கழுவிவிட வேண்டும்.

ஷாஃப்ட் வளைந்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் கசிவதோடு சேதம் நின்றிருந்தால் திருத்துவதே சிறந்தது. புதிய புரொப்பெல்லர் ஷாஃப்டும் சீல்களும் போட்டு, பூட்டிய பின் எண்ணெய் ஊற்றும் முன்பே சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில் காற்றைச் செலுத்தி, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்பதைக் கண்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பற்சக்கரமும் போயிருந்தால் கதை வேறு. படகை முன்னே செலுத்தும் முன்னோட்டச் சக்கரத்தையும் அதைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் தேய்ந்த பல் புதிய பல்லை அரித்துவிடும். அவற்றின் இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம்களின் (மெல்லிய உலோக வளையங்களின்) தடிப்பையும் மறுபடி கணக்கிட வேண்டும். யமஹா பெட்டிகளில் எஃப், பி, ஆர் என்ற எழுத்துகளுக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும் எண்கள், அந்தப் பெட்டி நியம அளவிலிருந்து எத்தனை நூறிலொரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. அந்த எண்களைப் பார்க்காமல், கையில் கிடைத்த ஷிம்மைப் போட்டு மூடும் பட்டறையில் பற்சக்கர வேலையைக் கொடுக்க நான் துணியமாட்டேன். அங்கே போடும் புதிய சக்கரங்களின் ஆயுள் குறுகியதாகவே இருக்கும்.

அத்தகைய நேரத்தில்தான் பயன்படுத்திய பெட்டி நியாயமான மாற்றாகிறது. வேலை விரைவில் முடியும், தொழில் நாட்கள் வீணாகாது. ஆனால் மாதிரி எண், பற்சக்கர விகிதம், ஷாஃப்ட் நீளம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். 15 அங்குல இயந்திரத்தில் 20 அங்குலத்துக்குரிய பெட்டி சரிவராது. வெளியில் பளபளப்பாகப் பெயின்ட் அடித்திருப்பது எதற்கும் சான்றல்ல. விற்பவர் எண்ணெயை வடித்துக் காட்டவும் அழுத்தச் சோதனை செய்யவும் சம்மதிக்காவிட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது. இன்னொருவர் பாரில் மோதிய பெட்டியாகவும் அது இருக்கலாம்.

புதிய பெட்டி மூன்றிலும் விலை கூடியது. பேரிங் அமரும் குழியருகே அலுமினிய உடலில் வெடிப்பு விழுந்திருந்தால் மட்டுமே நான் அதைப் பரிந்துரைப்பேன். அங்கே வெல்டிங் செய்தால் வெப்பத்தில் குழி கோணிவிடும், பேரிங் நேராக அமராது. அடியில் துடுப்புபோல் நீளும் ஸ்கெக் தகடு மட்டும் உடைந்திருந்தால் புதியது தேவையில்லை. எண்ணெயை வடித்து, அருகிலுள்ள சீல்களைக் கழற்றிவிட்டு, ஆர்கான் வெல்டிங்கில் அலுமினியத் துண்டு ஒட்டிச் செதுக்கிவிடலாம்.

மூன்றில் எதைச் செய்தாலும் பெட்டி இறங்கியிருக்கும்போதே இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சிறு சக்கரத்தையும்) மாற்றிவிட வேண்டும். மணல் கலந்த நீரை இழுத்த இம்பெல்லர் தேய்ந்திருக்கும். திருத்திய கியர்பெட்டியோடு கடலுக்குப் போய், தண்ணீர் ஏறாமல் மேல் இயந்திரம் சூடேறி இறுகிவிட்டால் பாரில் மோதியதைவிடப் பெரிய செலவு வரும்.