கார் ஷெட் கதவு: ஷட்டரா, இரட்டைக் கதவா, ஸ்லைடிங்கா?

கார் ஷெட்டுக்குக் கதவு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் விலையையும் பூட்டையும்தான் விசாரிக்கிறார்கள். மூடிய பிறகு அந்தக் கதவு எதன்மேல் அழுந்தி நிற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. சாரல், தூசி, எலி மூன்றுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது. ரப்பர் நசுங்கினால்தான் இடைவெளி அடைபடும். உரசிக்கொண்டு மட்டும் நின்றால் காற்றின் வேகம் குறையும், அவ்வளவுதான்.

ரோலிங் ஷட்டருக்கு முன்னால் இடம் வேண்டாம், உள்ளே கூரையடியிலும் நெடுக இடம் வேண்டாம்; வாசலுக்கு மேலே உருளைக்கு மட்டும் இடம் இருந்தால் போதும். அதனால்தான் பலரும் முதலில் அதற்குப் போகிறார்கள். ஆனால் அதன் பட்டைகள் பக்கவாட்டுச் சேனலுக்குள் கொஞ்சம் ஆடினால்தான் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் இருக்கும்வரை இடைவெளியும் இருக்கும். அங்கே தூரிகைபோல் இழைகள் வைத்த பிரஷ் பட்டைதான் வைக்க முடியும். மேலே ஷட்டர் சுருளும் உருளையைச் சுற்றியுள்ள இடைவெளியையும் பெட்டி போட்டு மூட வேண்டும். கீழே மட்டும் நிம்மதி: ஷட்டரின் எடையே அடி ரப்பரைத் தரையோடு அழுத்திவிடும்.

ஸ்லைடிங் கதவு அடைப்பு விஷயத்தில் கடைசி. சுவரை ஒட்டி ஓடுகிற கதவுக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்து இருக்கும். வேறு வழியில்லாத இடத்தில் போடலாம். அப்போதும் தடம் மேலேயே இருக்கட்டும், தரைத் தடத்தில் மண் சேர்ந்துவிடும்.

வெளியே திறக்க இடம் இருந்தால் என் ஓட்டு இரட்டைக் கதவுக்குத்தான். நிலையில் கதவு பதிந்து நிற்கப் படிபோல் வெட்டி அதில் ரப்பர் ஒட்டினால், தாழ்ப்பாள் போடும்போது கதவு அதன்மேல் நன்றாக அழுந்தும். இரண்டு கதவும் சேரும் நடுக்கோட்டை, ஒன்றின்மேல் அறைந்த பட்டை மூடிவிடும். எதிரி எடைதான். கனமான கதவு கீலில் தொங்கத் தொடங்கினால் அடி தரையில் இழுபடும், நடுக்கோட்டின் மேல்பக்கம் முட்டிக்கொள்ளும், கீழ்ப்பக்கம் வாய் திறக்கும். ஆகவே ஒவ்வொரு கதவுக்கும் மூன்று கீலாவது வேண்டும். மரக்கதவு என்றால் மாட்டுவதற்கு முன்பே அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். நெடுக்குச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது. தண்ணீரை அதிகம் குடிப்பது அந்த முனை. மாட்டிய பிறகு அங்கே பிரஷ் எட்டாது.

பலகை பலகையாக மடிந்து கூரையடிக்கு ஏறும் செக்‌ஷனல் கதவும் நன்றாக அடைபடும். அதன் தடத்தைச் சற்றே சாய்வாகப் பொருத்துவார்கள். கதவு கீழே வந்து நிற்கும்போது பக்க ரப்பரோடு தானாக நெருங்கும். நுரை நிரப்பிய பலகை என்பதால் வெயில் சூடும் குறையும். கூரையடியில் இடமும் கூடுதல் பணமும் கேட்கும். அதன் ஸ்பிரிங்கை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். முறுக்கேறிய நிலையில் அது கையை உடைக்கும்.

எந்தக் கதவானாலும் தொல்லை அதிகம் தருவது அடிப்பக்கம்தான். தரை மேடுபள்ளமாக இருந்தால் உள்ளே குழலாக இருக்கும் மென்மையான ஈபிடிஎம் ரப்பர் (வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பர்) வாங்குங்கள்; அது பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து உட்காரும். சாரல் அதிகமென்றால் தரையில் ஒட்டும் ரப்பர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டுமுன் தரையைக் கழுவி நன்றாகக் காயவிட வேண்டும். தூசியின்மேல் ஒட்டிய பசை கார் ஏறியதும் பெயர்ந்துவிடும். முற்றமே கதவை நோக்கிச் சரிந்திருந்தால் இவை எதுவும் போதாது. வாசலுக்குக் குறுக்கே கம்பி மூடி போட்ட வடிகால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் உச்சிவெயிலில் உள்ளே நின்று கதவை மூடி, விளக்கை அணைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சந்து. பிறகு ஒரு காகிதத்தை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே அழுத்தம் இல்லை. சுமார் 6 மில்லிமீட்டர் சந்து இருந்தாலே சுண்டெலிக் குஞ்சு நுழைந்துவிடும்.

கார் நிற்கும் இடத்தை முழுவதுமாக அடைத்துவிடவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் சுவரின் அடியில் ஒன்று, உயரத்தில் ஒன்று எனக் காற்றுத்துளை விட்டு, எலி நுழையாத பொடிக்கண் கம்பிவலை அடியுங்கள். துளை இருக்கிறதே என்று கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அந்தத் துளைகள் போதாது.