காந்தமா, படலமா: மிருதங்கத்தின் தொப்பி எதில் கேட்கும்?

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்து, கயிற்றில் கட்டி மணலில் இழுத்து இரும்புத் தூள் சேர்த்தவர்களுக்கு ஒன்று கட்டாயம் தெரிந்திருக்கும். கையில் கனப்பது காந்தம்தான், பாடுவது என்னவோ முன்னால் இருக்கும் காகிதக் கூம்பு. கூம்பை ஆட்ட இவ்வளவு கனம் எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதிலாக, காந்தமே இல்லாமல் மின்னழுத்தம் கொடுத்தால் தானே அசையும் இரண்டு பிளாஸ்டிக் படலங்கள் போட்டிக்கு நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடுகிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு சாதி.

முதலில் பழைய ஆள். 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸும் கெல்லாக்கும் காட்டிய அமைப்புதான் இன்றைக்கும் நம் வீட்டு டிவியில் இருப்பது. காந்தத்தின் இடுக்கில் வாய்ஸ் காயில் என்ற கம்பிச் சுருள், அதில் ஒட்டிய கூம்பு. கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியானாலே பெரிது, மீதி சூடாகப் போகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை: கூம்பு மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் போய் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியாளர்களில் ஒன்று, ரப்பர். மெல்லிய சிலிக்கோன் படலத்தின் இரு பக்கமும் கரிப்பூச்சு மாதிரி இழுபடக்கூடிய ஒரு மின்வாய். மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டு பூச்சும் ஒன்றையொன்று ஈர்த்து ரப்பரை நசுக்கும். நசுங்கிய ரப்பர் பக்கவாட்டில் விரியும். சப்பாத்தி மாவை அழுத்துவதுபோலத்தான். கலிபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் ஆய்வு நிறுவனத்தில் பெல்ரின், கோர்ன்ப்ளூ குழுவினர் 1990-களிலேயே இந்த வகையில் ஒலிபெருக்கி செய்தார்கள். 2000-ல் இதே ரகப் படலங்கள் தம் நீளத்தைவிட ஒரு மடங்குக்கும் மேல் விரிவதைக் காட்டினார்கள். 2013-ல் ஹார்வர்டில் இன்னும் அழகாக ஒன்று நடந்தது. கரிக்குப் பதில் உப்புநீர் சேர்ந்த ஜெல்லை மின்வாயாக்கி, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஸ்பீக்கரை மடிக்கணினித் திரைக்கு முன்னால் நிறுத்திப் பாட வைத்தார்கள்.

சரி, பிறகு ஏன் இது கடைக்கு வரவில்லை? காரணம் மின்னழுத்தம். 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமனுள்ள படலம் உருப்படியாக அசைய 2,000, 3,000 வோல்ட் வேண்டும். படலத்தில் ஊசி முனையளவு குறை இருந்தாலும் அங்கே பொறி தட்டி ஓட்டை விழும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஈர்ப்பு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கூட்டல் வோல்ட்டுக்கும் கழித்தல் வோல்ட்டுக்கும் ரப்பர் ஒரே மாதிரிதான் நசுங்கும். அதனால் ஒலி அலையை அப்படியே கொடுத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அசையும். நீங்கள் கொடுத்தது ச, கேட்பது மேல் ச. இதைத் தவிர்க்க நிரந்தரமாக ஒரு பெரிய நேர்மின்னழுத்தத்தை ஏற்றி, அதன் மேல் பாட்டைச் சவாரி செய்ய விட வேண்டும். அப்போதும் கொஞ்சம் திரிபு மிஞ்சும். காந்தத்தில் மிச்சம் பிடித்த கனத்தின் ஒரு பகுதி உயர்மின்னழுத்த ஆம்ப்ளிஃபயராகத் திரும்பி வந்துவிடுகிறது.

இரண்டாவது, பிவிடிஎஃப். தூண்டிலில் கட்டும் ஃப்ளூரோகார்பன் நரம்பு இதே பிளாஸ்டிக்தான். 1969-ல் ஜப்பானில் ஹெய்ஜி கவாய், இதை இழுத்து வலுவான மின்புலத்தில் வைத்தால் அழுத்த மின் குணம், அதாவது அழுத்தினால் மின்சாரம் தரும் குணம், வருகிறது என்று கண்டார். வோல்ட் கொடுத்தால் நீளும், திருப்பிக் கொடுத்தால் சுருங்கும். கூட்டல் கழித்தல் அதற்குத் தெரியும் என்பதால் மேல் ச தொல்லை இல்லை. ஆனால் நீட்சி மிகச் சொற்பம், ரப்பரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதோடு தட்டையாக வைத்தால் படலம் தன் தளத்திலேயே நீண்டு சுருங்கும், காற்றைத் தள்ளாது. வளைத்தால்தான் அந்த நீட்சி முன்பின் அசைவாக மாறும்.

இதை நானே செய்து பார்த்தேன். உள்ளங்கை அளவு படலம் வாங்கி, சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாகப் போட்டு வோல்ட்டை ஏற்றி, போனிலிருந்து ஒரு தனி ஆவர்த்தனம் கொடுத்தேன். தட்டையாகப் பிடித்தபோது ஈ முனகல். அரைவட்டமாக வளைத்ததும் சட்டென்று உயிர் வந்தது. மிருதங்கத்தின் வலந்தலை, அந்தச் சாப்பு, அவ்வளவு சுத்தமாக. இடந்தலைதான் காணோம்! தொப்பி என்கிற அந்த இடந்தலையின் தாழ்ந்த கும்கி இருந்த இடத்தில் வெறும் இடைவெளி.

எம்.ஐ.டி. (குரோம்பேட்டை இல்லை, மாசசூசெட்ஸ்) 2022-ல் வெளியிட்ட ஸ்பீக்கர் இந்த வளைவுப் பிரச்சினையைச் சாமர்த்தியமாகக் கையாள்கிறது. 8 மைக்ரான் பிவிடிஎஃப் படலத்தில் 15 மைக்ரான் உயரமுள்ள குட்டிக் குட்டிக் குமிழ்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைவதால் சுவரில் ஒட்டினாலும் பாடும். கையளவு ஸ்பீக்கரின் எடை சுமார் 2 கிராம். 25 வோல்ட்டில், 30 சென்டிமீட்டர் தூரத்தில், 1,000 ஹெர்ட்ஸில் 66 டெசிபெல். சாதாரணப் பேச்சின் அளவு. ரப்பர் கேட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்குப் பக்கத்தில் 25 வோல்ட் பெரிய விஷயம்தான்.

ஆனால் குமிழின் அசைவு அரை மைக்ரான். அதே அளவு அசைவில் சுருதி பாதியானால் ஒலியழுத்தம் கால்வாசியாகிவிடும். 100 ஹெர்ட்ஸில் 1,000 ஹெர்ட்ஸ் அளவு சத்தம் வேண்டுமென்றால் 100 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும், அதாவது 40 டெசிபெல் வித்தியாசம். என் கணக்குப்படி அந்த 66 அங்கே 26 ஆகும். ஓடுகிற மின்விசிறிக்கு அடியில் அது கேட்கவே கேட்காது. தொப்பி எங்கே போனது என்பதற்கு இதுதான் பதில். சுவர் முழுக்க ஒட்டினால் பரப்பு ஈடுகட்டும் என்பார்கள். ஓரளவு உண்மை.

அப்படியானால் எதற்கு எது? போனுக்குள் படலம் எனக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. நியோடைமியம் காந்தம் வந்தபின் போன் ஸ்பீக்கரே ஓரிரு கிராம்தான். நியோடைமியம் போன்ற அருமண் காந்தம் தட்டுப்பாடு என்ற பயம் நியாயமானது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகன நிறுவனங்கள் திணறின. ஆனால் வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் இருப்பது இரும்பு ஆக்சைடு கலந்த ஃபெரைட் காந்தம், அதில் அருமண்ணே கிடையாது. படலம் ஜெயிக்கும் இடம் அகலமான மேற்பரப்புகள்: விமானத்தின் உட்சுவர், கூரை, சத்தத்தை எதிர்ச்சத்தத்தால் அடக்க வேண்டிய அறை. காருக்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். பிவிடிஎஃப் 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் தன் குணத்தை இழக்கத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதற்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

ரப்பரை ஒதுக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டில் நல்ல அசைவு கிடைப்பது அதில்தான். படலத்தைச் சில மைக்ரானுக்கு இளைக்க வைத்து வோல்ட்டை நூற்றுக்கணக்கில் இறக்கினால் கதை மாறும். அதுவரை பிவிடிஎஃப்தான் என் தேர்வு, அதுவும் தனியாக அல்ல. 1970-களில் பயனியர் நிறுவனம் எச்.பி.எம்.-100 என்ற ஸ்பீக்கரை விற்றது. அதன் உச்ச ஸ்வரங்களுக்கு வளைத்த பாலிமர் படலம். தாழ்ந்த ஸ்வரங்களுக்கு 12 அங்குல வூஃபர், பின்னால் பெரிய காந்தம். பெட்டி 25 கிலோவுக்கும் மேல்.

என் மேசையிலும் இப்போது அதே ஏற்பாடுதான். வளைத்த படலம் ஒன்று, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய நாலு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. வலந்தலையும் தொப்பியும் ஒருவழியாகச் சேர்ந்தே கேட்கின்றன.