கேன்சர் ஒப்பரேஷனுக்குப் பிறகு "நரம்பு மருந்து" எண்டு 68,500 ரூபா அடிச்சிட்டாங்கள், கவனம்

குடல் கேன்சருக்கு ஒப்பரேஷன் செய்த ஆக்கள் வீட்டில இருந்தா தயவுசெய்து முழுக்க வாசிங்கோ. 68,500 ரூபா போச்சு. நேற்றுத்தான் அந்த நம்பர் என்னை புளொக் பண்ணினது, அந்தக் கொதியோடதான் எழுதுறன். எப்பிடித் தப்புறது எண்டு கடைசியில விபரமா எழுதுறன்.

எனக்கு மலக்குடலில கேன்சர். முதல் ரேடியேஷன், பிறகு ஒப்பரேஷன். கட்டியை எடுத்த சேர்ஜனுக்குச் சாகும்வரை கடமைப்பட்டிருக்கிறன், அதில ஒரு குறையும் இல்லை. ஆனா கத்தீட்டரை, அதுதான் சலம் போறதுக்குப் போடுற ட்யூப்பை, கழட்டின பிறகு சலம் போகேல்ல. தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு நிண்டாலும் சொட்டுச் சொட்டாத்தான் வரும், வந்து படுத்தா திரும்ப முட்டும், கடைசியில நேர்ஸ் மிஸ் திரும்பவும் ட்யூப் போட்டா. அது மெல்ல மெல்லச் சரியாகிட்டுது. மற்றது சரியாகேல்ல. விறைப்பு வரேல்ல. மறைக்காமச் சொல்லுறன், ஏனெண்டா நாங்கள் மறைக்கிறதை வச்சுத்தான் இவங்கள் யாவாரம் செய்யிறாங்கள்.

கிளினிக்கில கேட்டிருக்கலாமே எண்டு சொல்லுவீங்கள். அங்க சனம் நிறைஞ்சு வழியும், டொக்டருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் மட்டுமட்டு, என்ர மகள்தான் பக்கத்தில நிண்டு மாத்திச் சொல்லுறவ. இருபது வயசுப் பிள்ளையின்ட வாயால இதை எப்பிடிக் கேட்கச் சொல்லுறது?

இந்த நேரத்திலதான் பேஸ்புக்கில ஒரு மூலிகை மருந்துப் பேஜ் வந்துது. ஒரு மெசேஜ் போட்டன், உடன கோல் வந்துது. நல்ல மரியாதையான தமிழ். "ஐயா, ட்யூப் கனநாள் இருந்ததோ? ரேடியேஷன் குடுத்தவையோ? வயித்தில மலம் போற பேக் இன்னும் இருக்கோ? இதைப் பற்றி வீட்டில அம்மாவோட கதைச்சீங்களோ?" எண்டு ஒவ்வொண்டாக் கேட்டான். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்ட இந்தக் கேள்வியளைக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது, பதில் சொல்ல ஏலாமப் போச்சு, அவன் பொறுமையா லைனில இருந்தான். பிறகு, "வெட்டுப்பட்ட நரம்பையும் எங்கட கோர்ஸ் ஒட்டவைக்கும், இல்லாட்டி முழுக்காசும் திருப்பித் தருவம்" எண்டு வொய்ஸ் நோட்டும் போட்டான். அந்த வொய்ஸ் நோட் இப்பவும் போனில இருக்கு. ஸ்கேனுக்கெண்டு மனிசி சீட்டு எடுத்து வச்சிருந்த காசு 68,500 ரூபாவையும் ஆரோ ஒரு தனி ஆளின்ட பாங்க் எக்கவுண்டுக்குப் போட்டன்.

பார்சலில வெள்ளைப் போத்தலுகள். லேபலில ஒரு பச்சை இலைப் படம், ஒரு பேர், அவ்வளவுதான். செய்தவன்ர அட்ரஸ் இல்லை, முடிவுத் திகதி இல்லை. முதல் நாள் குடிச்ச உடன முகம் சூடேறித் தலை வெடிக்குமாப்போல இடிச்சுது, டியூப் லைட் வெளிச்சம் நீலமாத் தெரிஞ்சுது. போன் எடுத்தா, "அது மருந்து வேலை செய்யிற அடையாளம் ஐயா, விடாமக் குடியுங்கோ" எண்டான்.

நான் பிறகு குடிக்கேல்ல. போத்தலைக் கொண்டு வெள்ளவத்தையில ஒரு தமிழ் டொக்டரிட்டத் தனியாப் போனன். அவர் சொன்னார், இந்தத் தலையிடி, நீலம் தெரியிறது எல்லாம் சில்டெனாஃபில் எண்ட, விறைப்புக்குக் குடுக்கிற வயாகராக் குளிசையின்ட பக்கவிளைவு, மூலிகை எண்டு விக்கிற இப்பிடியான சாமானில அதைச் சொல்லாமக் கலக்கிறது பல நாடுகளில பிடிபட்டிருக்கு எண்டு. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற நைட்ரேட் குளிசை பாவிக்கிற ஆள் இதைக் குடிச்சா பிரஷர் டக்கெண்டு விழுந்து உயிரே போகலாமாம். எங்கட வயசில எத்தினை பேர் அந்தக் குளிசையைச் சேர்ட் பொக்கெற்றில வச்சுக்கொண்டு திரியினம்!

அவர்தான் பேப்பரில கீறிக் காட்டினார். சலப்பைக்கும் ஆணுறுப்புக்கும் போற நரம்புகள் மலக்குடலை ஒட்டித்தான் போகுதாம், கட்டியோட சுத்தியிருக்கிற கொழுப்பையும் சேர்த்து எடுக்கேக்க அது இழுபடும், நசியும், சிலவேளை வெட்டத்தான் வேணும், ரேடியேஷனும் அதைக் கூட்டும். நசிஞ்சது எண்டா ஒரு வருசம், ரெண்டு வருசத்தில கூட ஓரளவு திரும்பலாம். வெட்டுப்பட்டதை எந்த மூலிகையும் ஒட்டாது. அப்பவும் டொக்டர் பார்த்துத் தாற குளிசை, வக்யூம் பம்ப், ஊசி எண்டு வழி இருக்கு. சிலருக்கு விந்து வெளிய வராமச் சலப்பைக்குள்ள போகும், அதால உடம்புக்கு ஆபத்தில்லையாம். பொம்பிளையளுக்கும் வரட்சி, நோவு எண்டு வருமாம், அவையும் வாய் திறக்கிறதில்லை.

காசைத் திருப்பிக் கேட்டன். "மனேஜர் மீட்டிங்கில." "சிஸ்டத்தில உங்கட பேர் வரேல்ல." "ரெண்டாவது கோர்ஸும் எடுத்தாத்தான் கேரண்டி." பிறகு ஒரு பெட்டை எடுத்து, "நீங்க ஒழுங்காக் குடிக்கேல்லப் போல சேர்" எண்டாள். நான் விடேல்ல. 68,500 ரூபாவும் வேணும் எண்டு நிண்டன். அப்பதான் அந்த மரியாதைக்காரன் கேட்டான், "இந்த விசயத்தை உங்கட வீட்டு நம்பருக்கு மெசேஜ் போடவோ?" டெலிவரிக்கெண்டு மனிசியின்ட நம்பரையும் வாங்கி வச்சிருந்தவன்.

அண்டைக்கு இரவே மனிசியிட்ட எல்லாத்தையும் சொன்னன். அவ போனை வாங்கி அவனுக்குக் கோல் எடுத்து ஏசின ஏச்சு பக்கத்து பிளட்டுக்கும் கேட்டிருக்கும். அதோட புளொக். 68,500 ரூபா.

இனி எழுத நிறைய இருக்கு, கை ஓடுதில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லுறன். தனி ஆளின்ட எக்கவுண்டுக்குக் காசு போடாதேங்கோ. அட்ரஸும் திகதியும் இல்லாத போத்தலைத் திறக்காதேங்கோ. நெஞ்சுக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் கிட்டவும் போகாதேங்கோ. கிளினிக்கில வாயால கேட்க ஏலாட்டி ஒரு துண்டில சிங்களத்திலயோ இங்கிலீசிலயோ எழுதிக் குடுங்கோ, கட்டாயம் குடுங்கோ. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 நம்பர் இருக்கு, ஸ்லிப்பையும் ஸ்கிரீன்சொட்டையும் அழிக்காதேங்கோ. இதே மாதிரிக் குடுத்துக் காசு திருப்பி எடுத்த ஆக்கள் ஆரும் இருந்தா எப்பிடி எடுத்தீங்கள் எண்டு கீழ எழுதுங்கோ, பேர் போடத் தேவையில்லை.