கரும்புக் காட்டுப் பக்கம் நிற்கும் காருக்கு எந்த வாக்ஸ்?

கார் பெயிண்டைக் காக்கப் பூசும் வாக்ஸில் எது நல்லது என்று யாராவது கேட்டால், ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைத்துவிடும். அம்ஸ்லாங்காவிலோ புளஃபிலோ கடலைப் பார்த்து நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்று. வெருலம், டொங்காட் பக்கம் வாசலில் நிற்கும் வண்டிக்குக் கரும்புக் காட்டில் கொளுத்தும் சோகையின் சாம்பல். சாட்ஸ்வொர்த்தில் மாமரத்தடியில் நிற்கும் வண்டிக்குப் பறவை எச்சமும் பிசினும். கராஜுக்குள் தூங்கும் வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

கடையில் அடுக்கியிருக்கும் டப்பாக்கள் எல்லாமே பளபளப்பைப் பேசுகின்றன. உள்ளே இருப்பதோ மூன்று வேறுவேறு பொருள்கள்: கார்னௌபா மெழுகு, செயற்கை சீலண்ட், செராமிக் கோட்டிங். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டர்பன் இருக்கும் இந்தக் குவாசூலு-நட்டால் கரையோரத்தில் வெளியில் நிற்கும் குடும்ப வண்டிக்கு சீலண்ட்தான் சரி. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் அது வேறு இடம்.

பூசுவதற்கு முன்

இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள் கலந்திருப்பது இந்தப் படலத்தில்தான். டர்பன் கோடையில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டுவது சாதாரணம். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வெயில் இன்னும் கடுமை. ஆகவே இந்தப் படலத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குறைப்பது, வண்டி தானே கொண்டுவந்த குடையைக் கிழிப்பது போல.

பாலிஷையும் வாக்ஸையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர். பாலிஷில் நுண்ணிய அரம் போன்ற துகள்கள் உண்டு. அது படலத்தைச் சீவிக் கீறலைச் சமன் செய்கிறது. வாக்ஸ் மேலே உட்கார்ந்து காக்கிறது. மாதாமாதம் வாக்ஸ் போடலாம், கெடுதல் இல்லை. மாதாமாதம் பாலிஷ் போட்டால் சில வருடங்களில் கிளியர் கோட்டே மிஞ்சாது.

கழுவுவதில் இருந்து ஆரம்பிப்போம். பாத்திரம் கழுவும் திரவமா, கார் ஷாம்பூவா? வாராவாரம் கழுவுவதற்கு ஷாம்பூ மட்டும்தான். பாத்திரத் திரவம் எண்ணெயை எடுக்கவே செய்யப்பட்டது, அதனால் போட்ட மெழுகையும் சேர்த்தே எடுத்துவிடும், ரப்பரையும் காயவைக்கும். பழைய மெழுகைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும் நாளில் ஒருமுறை பயன்படுத்தினால் குற்றமில்லை. இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் நீரில் அலசிவிட்டு ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். கதவின் அடிப்பாகத்தில்தான் மணல் அதிகம்.

தண்ணீர் விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு தனிப் பேச்சு தேவைப்படுகிறது. 2018-இல் கேப் டவுனில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோது நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் கார் கழுவவே தடை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் வீடுகளுக்கே டாங்கர் தண்ணீர்தான். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வாளித் தண்ணீரில் முடிகிற, பிறகு அலசத் தேவையில்லாத கழுவு திரவங்கள் நல்ல மாற்று. தூசு படிந்த வண்டிக்குத் தாராளமாகப் போதும். சேறும் சாம்பலும் அப்பிய வண்டிக்கு ஆகாது, கீறிவிடும்.

கழுவித் துடைத்த பின் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்தது, பைக்குள் இருந்து தொட்டால் மணல்தாளாகத் தெரியும். பிரேக்கில் இருந்தும் ரயில் பாதையில் இருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பெயிண்டில் பதிந்து கிடப்பதன் சொரசொரப்பு அது. துறைமுகப் பக்கம் தினமும் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை நன்றாக உணர்வார்கள். இதற்கு இரண்டு வழி. இரும்பைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்தால், இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். தேய்க்க வேண்டியதில்லை, நாற்றம் மட்டும் தாங்க வேண்டும். கிளே பார் என்ற களிமண் கட்டி, வழுக்கும் திரவத்தின் மேல் உரசி, பிசின், தார், பெயிண்ட் துளி எல்லாவற்றையும் பிடுங்கி எடுக்கும். ஆனால் கறுப்பு வண்டியில் மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். நான் இரண்டையும் இந்த வரிசையில்தான் செய்வேன்: முதலில் திரவம், மிச்சத்துக்கு மட்டும் கிளே. கிளே தரையில் விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். விலையைப் பார்த்து அலசிவிட்டு மறுபடி தேய்த்தால், ஒட்டிய மணல் பானெட் முழுக்க எழுதிவிடும்.

அப்புறம் பாலிஷ். கையால் தேய்த்தால் மங்கல் கொஞ்சம் தெளியும், ஆழமான வட்டக் கீறல் போகாது. சுழன்றுகொண்டே அதிரும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் பழகாத கைக்கும் பாதுகாப்பானது. வேகமாக ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் பட்டறைக்காரர் கையில் அற்புதம், பழகாத கையில் கதவு விளிம்பில் கிளியர் கோட்டைத் தேய்த்தெடுத்து அடியில் உள்ள நிறப் படலத்தையே வெளியே கொண்டுவந்துவிடும். வெள்ளை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பெரும்பாலும் உங்களுக்கு இந்தப் படியே தேவைப்படாது.

மூன்று பூச்சு

கார்னௌபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படியும் மெழுகு. தன் இலை காயாமல் இருக்க அந்த மரமே சுரப்பது. இயற்கை மெழுகுகளில் இது மிகக் கடினமானவற்றில் ஒன்று. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி செல்சியஸ். தனியாகப் பூச முடியாத அளவுக்குக் கடினம் என்பதால் எண்ணெய், கரைப்பான், தேன்மெழுகு என்று கலந்துதான் டப்பாவுக்கு வருகிறது. அந்தக் கலவை சுத்தக் கார்னௌபாவின் சூட்டைத் தாங்காது. டிசம்பர், ஜனவரி மதியத்தில் வெளியில் நிற்கும் கறுப்பு பானெட்டைத் தொட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நன்றாகப் போட்டால் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

ஆனாலும் அழகு என்று வந்தால் கார்னௌபாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடர் சிவப்பு, பச்சை, கறுப்பு நிறங்களில் அது தரும் ஆழமும் இளஞ்சூடான மினுமினுப்பும் தனி. 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேக் ஆலையில் செய்யப்பட்ட ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃபை இன்றும் கராஜில் வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வண்டிக்கு இதைப் போடுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்டாக இருந்தால், பாலிஷ் போடும்போது வண்டியின் நிறமே துணியில் வரும்; பயப்படாதீர்கள், வெளுத்துப்போன மேல்தோல்தான் அது. எண்ணெய்ப் பசையுள்ள மெழுகு அந்தப் பெயிண்டுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சீலண்ட் என்பது ஆலையில் செய்த பாலிமர். மெழுகு பெயிண்ட் மேல் வெறுமனே படிகிறது. இது பெயிண்டைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும், சூட்டுக்கு உருகாது, கார் ஷாம்பூவுக்கு அசையாது. பளபளப்பு கண்ணாடி மாதிரித் தெளிவாக, கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். வெள்ளைக்கும் வெள்ளிக்கும் அதுதான் பொருத்தம், நம் தெருக்களில் அதிகம் ஓடுவதும் அந்த நிறங்கள்தானே.

இதில் முன்வேலையை ஏமாற்ற முடியாது. பழைய மெழுகோ பாலிஷ் எண்ணெயோ மிஞ்சியிருந்தால் சீலண்ட் பிடிக்காது. ஐசோபுரொப்பில் ஆல்கஹால் ஒரு பங்கும் தண்ணீர் நான்கு பங்கும் கலந்து, ஒருமுறை துடைத்துவிட்டுப் பூசுங்கள். இதனால்தான் சீலண்டின் மேல் கார்னௌபா போடலாம், கார்னௌபாவின் மேல் சீலண்ட் போடக் கூடாது. பூசிய பிறகு இறுகப் பன்னிரண்டு மணி நேரமாவது, முடிந்தால் ஒரு முழு நாள், நனையாமல் இருக்க வேண்டும். டர்பன் கோடையில் சாயங்கால இடிமழை சொல்லாமல் வரும். ஆகவே கராஜ் இல்லாதவர்கள் மழை குறைந்த மாதங்களில் செய்வது நல்லது. பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். தடிமனாக அப்பினால் கூடுதல் பாதுகாப்பு வராது, துடைக்கிற கைதான் வலிக்கும். இந்த ஊர் ஈரக்காற்றில் டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் காயாமலும் போகலாம். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

செராமிக் கோட்டிங் சிலிக்கா சார்ந்த திரவம். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து கடினமான படலமாக மாறும்; இரண்டு முதல் ஐந்து வருடம் என்று விற்கிறார்கள், நன்றாகப் பராமரித்தால் நிற்கவும் செய்யும். கடையில் "9எச்" என்று சொல்வது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு, வைரத்துக்கு அடுத்தது என்று பொருளில்லை. என்3 நெடுஞ்சாலையில் லாரி தெறிக்கும் கல்லை இது தடுக்காது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் ஆலங்கட்டி மழையையும் தடுக்காது. அழுக்கு ஒட்டாமல் எளிதில் கழுவ வரும் என்பதில்தான் இதன் உண்மையான பெருமை இருக்கிறது, அதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

எனக்குள்ள தயக்கம் வேறு. செராமிக், அடியில் இருப்பதை அப்படியே பூட்டி வைக்கும். கீறலோடு பூசினால் கீறலோடு வருடக்கணக்கில் இருக்கும். அதனால் முழு மெஷின் பாலிஷ் கட்டாயம். பல ஆயிரம் ரேண்ட் கூலியில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. ஈரப்பதம் கூடிய நாளில் திரவம் சட்டென்று இறுகும். துடைக்கத் தவறிய இடம் கறுத்த திட்டாக நின்றுவிட்டால் மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். குளிர்சாதன அறையுள்ள பட்டறையில், புது வண்டிக்கு, ஐந்தாறு வருடம் வைத்திருக்கும் எண்ணத்தோடு செய்தால் காசுக்குத் தகும். ஜோஹன்னஸ்பர்க்கில் லெனேசியாவில் இருந்து தினமும் சாண்ட்டனுக்கு ஓடும் புது வண்டிக்கு நான் தயங்காமல் சொல்வேன். பத்து வயது கரோலாவுக்குச் சொல்ல மாட்டேன்.

ஸ்பிரே வாக்ஸ் ஒன்றும் உண்டு. கழுவிய ஈரத்தின் மேல் தெளித்துத் துடைத்தால் சில வாரம் நீர் முத்து முத்தாக உருளும். போட்ட பூச்சுக்கு மேல் தொட்டுக்கொள்ள நல்லது, தனியாக அதையே நம்ப வேண்டாம்.

சாம்பல், எச்சம், குங்குமம்

ஏப்ரல் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை கரும்பு வெட்டு. 1860-இல் நம் முன்னோர் கப்பலேறி வந்து வெட்டிய அதே கரும்பு. வெட்டும் முன் சோகையை, அதாவது காய்ந்த கரும்பிலையை, கொளுத்தும்போது கறுப்புத் துணுக்குகள் பறந்து வந்து வண்டிகள் மேல் இறங்குகின்றன. பார்க்க மென்மை, ஊதினால் பறக்கும். ஆனால் கரும்பிலையில் சிலிக்கா அதிகம். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் கோடு விழும், கறுப்பும் இழுபடும். பனியில் நனைந்த சாம்பல் காரத்தன்மை கொண்டது என்பதால் அப்படியே விடவும் கூடாது. குழாயால் தெறிக்கவிட்டுப் போக்கிவிட்டு, பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்த வாராவார அலசலைக் கார்னௌபா ஒரு மாதத்துக்கு மேல் தாங்காது, சீலண்ட் தாங்கும். என் தேர்வுக்கு இதுவே முதல் காரணம்.

பறவை எச்சத்தில் மூன்றுமே தோற்கும். அதில் உள்ள யூரிக் அமிலம் வெயிலில் சூடான படலத்தை அரித்துக் குழியாக்கும். பூச்சு உங்களுக்குச் சில மணி நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்டாதீர்கள்.

புது வண்டி வாங்கியதும் அம்ப்பிலோவிலோ மவுண்ட் எட்ஜ்கோம்பிலோ கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடுவது நம் வழக்கம், போடவும் வேண்டும். பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே வெயிலில் காய்ந்து இருக்க வேண்டும் என்று சிலர் துடைக்கவிட மாட்டார்கள். "சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும் ஆன்ட்டி, அப்புறம் நானே தண்ணீர் விட்டு எடுக்கிறேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வெள்ளை பெயிண்டில் மஞ்சளும் குங்குமமும் பல நாள் கிடந்தால் கறை இறங்கும். விபூதியைக் காய்ந்த கையால் தேய்த்து எடுக்க வேண்டாம், அதுவும் சாம்பல்தான். பூஜைக்கு முதல் நாளே ஒரு கோட் சீலண்ட் போட்டு இறுகவிட்டால் எல்லாம் சுலபமாகக் கழுவ வரும்.

வெளியில் நிற்கும் வண்டிக்கு நான் சொல்லும் கணக்கு: மார்ச் கடைசியில் முழுக் கழுவல், இரும்புத் திரவம், கிளே, சீலண்ட். செப்டம்பரில் மறுபடி ஒரு கோட். அப்போது கிளே தேவையா என்று பிளாஸ்டிக் பையே சொல்லிவிடும். இடையில் கழுவும்போது ஸ்பிரே வாக்ஸ். கடலோரம் நிற்பவர்கள் வாரம் ஒருமுறை வண்டியின் அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும், எந்த வாக்ஸும் அங்கே போய்ச் சேராது. கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுப் பூசுங்கள். அங்கே காய்ந்த மெழுகு வெள்ளைக் கறையாக நிற்கும்.

ரூஃபிலும் பானெட்டிலும் வெளிறிய திட்டுகள் விழுந்து, ஓரம் வெயிலில் சுட்ட தோல் மாதிரி உரியத் தொடங்கிய வண்டிக்கு இந்த மூன்றில் எதற்கும் செலவு செய்யாதீர்கள். கிளியர் கோட் போய்விட்டது. மெழுகு தடவினால் ஒரு வாரம் திட்டு மறையும், மழை பெய்ததும் திரும்பி வரும். அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, அந்த இரண்டு பாகத்தை மட்டும் பெயிண்ட் அடிக்கக் கொடுங்கள். புதுப் பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற ஒன்றிரண்டு மாதம் ஆகும். பட்டறைக்காரர் சரி என்று சொல்லும் வரை அதன் மேல் எதையும் பூச வேண்டாம்.