பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுப் பிரண்டை

2013 ஆடி மாதம், அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் அத்தை வீட்டுக் கிளுவை வேலியில் ஏறிக் கிடந்த பிரண்டையில் நாலு துண்டு ஒடித்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். அத்தை என்றால் என் மாமியார். அவர்கள் கைத் துவையலைச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு எனக்கு. இங்கே மாடியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் ஊன்றிய அந்த நாலு துண்டில் பிழைத்துத் தழைத்ததுதான் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை, சில வாரம் இருமுறை, துவையல் தருகிறது. இத்தனை வருஷம் சாப்பிட்டுப் பார்த்ததில் எது உண்மையாகப் பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதிவைக்கத் தோன்றியது.

முதலில் அரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் பிரண்டையை விட்டு ஓடுவதே அதனால்தான். கொடி தழைத்ததும் நான் முதல்முறை தனியாகத் துவையல் அரைக்க உட்கார்ந்தபோது கையில் எண்ணெய் தடவவில்லை. நார் உரித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, விரல் இடுக்கெல்லாம் ஊசி குத்துவது போல அரிக்க ஆரம்பித்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன், கேட்கவில்லை. போனில் அத்தையைக் கூப்பிட்டேன். "ஏட்டி, எண்ண தடவாமலா பெரண்டையத் தொட்ட? புளியக் கரைச்சுத் தேயி" என்றார்கள். புளித்தண்ணீரில் கையை ஊறவைத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

பிள்ளை சொல்பேச்சுக் கேட்காதபோது எங்கள் பக்கத்து அம்மாக்கள் "பெத்த வயித்துல பெரண்டைய வச்சுத்தான் கட்டணும்" என்பார்கள். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த வார்த்தை. ஏதோ கோபத்தில் சொல்வது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு விரல்கள் எரிய உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. இப்படி அரிக்கிற ஒன்றை, பெற்ற வயிற்றின் மேலேயே வைத்துக் கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் அந்தத் தாய்க்கு எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும்.

அரிப்புக்குக் காரணம் தண்டுக்குள் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஊசி மாதிரி இருக்கும். சேம்பும் கருணைக்கிழங்கும் அரிப்பது இதனால்தான். அதனால் நுனியிலிருந்து மூன்று நான்கு கணு மட்டும் எடுப்பேன். ஒடித்தால் 'டக்' என்று முறிய வேண்டும். வளைந்துகொண்டு நார் தொங்கினால் அது முற்றல், துவையலுக்கு ஆகாது. இலை, பற்றுக்கம்பி, கணு மூன்றையும் கிள்ளிப்போட்டுவிட்டு, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நாலு பட்டையின் ஓரத்திலும் நாரை உரித்து விரல்கணு அளவு நறுக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் நல்லெண்ணெயில் சிறுதீயில் வதக்கல். இங்கேதான் பொறுமை வேண்டும். பச்சை நிறம் மாறி, துண்டுகள் சுருங்கி, பழுப்பு கலந்த மங்கல் பச்சைக்கு வரவேண்டும். எனக்குப் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஆகிறது. அவசரப்பட்டு இறக்கிய ஒரு நாள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை கரகரத்தது.

இரண்டு கைப்பிடித் துண்டுக்கு மூன்று கரண்டி உளுந்தம்பருப்பு, ஆறு மிளகாய் வத்தல், நெல்லிக்காய் அளவு புளி, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. உளுந்தைத் தனியாகச் சிவக்க வறுத்து, கடைசியில் போட்டு கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தேங்காய் சேர்த்தால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். சேர்க்காமல் எண்ணெய் தாராளமாக விட்டு வதக்கினால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து, தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம் இருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். உளுந்தஞ்சோற்றுக்கு மட்டும் எள்ளுத் துவையலை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்பளம் என்றதும் இன்னொன்று. அம்பாசமுத்திரத்திலிருந்து தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அந்தக் காலத்தில் உளுந்து மாவைப் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து இடிப்பார்கள் என்று அத்தை சொல்வார்கள். நானும் இரண்டு முறை வீட்டில் முயன்றேன். மணம் நன்றாக இருந்தது. ஆனால் மாவை இடித்து இடித்துத் தோள் விட்டுப்போனதால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, பலன் என்ன?

கண்கூடாகத் தெரிந்தது பசியும் செரிமானமும். காய்ச்சல் வந்து போன பிறகு வாய் கசந்து சோறு இறங்காத நாட்களில் இந்தத் துவையல் ஒரு உருண்டை இருந்தால் ஒரு பிடி கூடச் சாப்பிட முடிகிறது. என் பெரிய மகனுக்கு அடிக்கடி வரும் வயிற்று உப்புசத்துக்கும் இது ஒத்துவருகிறது.

எலும்பு விஷயத்தில் நிதானமாகப் பேச வேண்டும். வடமொழியில் இதற்கு வஜ்ரவல்லி என்று ஒரு பெயர். எலும்பைக் கூட்டுவது என்ற பொருளில் அஸ்திசம்ஹாரி என்றும் சொல்வார்கள். 1960களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கே. என். உடுப்பாவும் அவரோடு இருந்தவர்களும் விலங்குகளில் எலும்பு முறிவை வைத்துச் சோதித்து, பிரண்டை கொடுத்தவற்றில் முறிவு சீக்கிரம் கூடியதாக எழுதியிருக்கிறார்கள். 2019இல் என் அம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் முறிவு. டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார், ஆறு வாரத்தில் பிரித்தார். அந்த ஆறு வாரமும் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரண்டை. கை நன்றாகக் கூடியது. ஆனால் கூட்டியது மாவுக்கட்டா, துவையலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. டாக்டரிடம் போகாமல் இதை மட்டும் நம்பியிருந்தால் அது பெரிய தவறாகியிருக்கும். வீட்டுக்காரருக்கு இருக்கும் பழைய மூட்டுவலிக்கு இத்தனை வருஷம் சாப்பிட்டும் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தண்டில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் அதில் ஒரு பங்கு ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால் அவ்வளவும் உடம்பில் சேராது. அதே ஆக்சலேட்டால்தான் சிறுநீரகக் கல் இருக்கிறவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. எங்கள் கொழுந்தனாருக்குக் கல் வந்த பிறகு அவர் இலையில் நான் வைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம் என்பேன்.

சுளுக்குக்குப் பற்றுப் போட்டது நன்றாக வேலை செய்தது. பிரண்டைச் சாற்றில் புளியும் கல் உப்பும் கரைத்து, குழம்பாகும் வரை காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் கணுக்காலில் போட்டோம். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. தோல் மென்மையாக இருப்பவர்கள் முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு வருஷம் வேலை அதிகமாகிப்போய், கடையில் பிரண்டைப் பொடி வாங்கினேன். வாயில் போட்டதும் நாக்கு நமநமவென்றது. முற்றின தண்டை அப்படியே காயவைத்து அரைத்திருந்தார்கள் போல, நார் திப்பி திப்பியாக வந்தது. அந்த டப்பாவைப் பாதியில் கொட்டிவிட்டேன். இந்த ஊரில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிரண்டையை மருந்தாக, பிரண்டை உப்பு மாதிரி எடுக்க நினைக்கிறவர்கள் சித்த மருத்துவரைப் பார்த்துவிட்டு எடுங்கள். நான் எழுதுவதெல்லாம் சோற்றோடு சாப்பிடும் பிரண்டையைப் பற்றி மட்டும்தான்.

அத்தை 2021இல் காலமானார்கள். அவர்கள் திதிக்குச் சமைக்கும்போது துவையல் தவறாமல் இருக்கும். வசிஷ்டர் வீட்டுத் திதிக்கு வந்த விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் கறி கேட்டாராம். அருந்ததி பாகற்காயை நூறுக்கும், பிரண்டையை முந்நூறுக்கும், பலாக்காயை அறுநூறுக்கும் கணக்கு வைத்து, மீதிக்கு எட்டுக் காய் சமைத்துப் போட்டாளாம். இந்தக் கதையை எனக்குச் சொன்னதும் அத்தைதான், அம்மி முன்னால் உட்கார்ந்து நார் உரித்துக்கொண்டே. வேலியில் தண்ணீர்கூட ஊற்றாமல் வளரும் ஒரு கொடிக்கு முந்நூறு கறியின் மதிப்பைக் கொடுத்த அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வளர்ப்பதில் கஷ்டமே கிடையாது. மகாராஜநகர் உழவர் சந்தையில் கீரைக்கட்டுகளுக்கு நடுவே கிடைத்தால் ஒரு கட்டு வாங்கி, கொஞ்சம் முற்றின இரண்டு துண்டைத் தனியே எடுத்துவையுங்கள். ஒருநாள் நிழலில் வெட்டுவாய் காயட்டும். பிறகு ஒரு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றிவிடுங்கள். மண்ணில் மணல் கலந்திருக்க வேண்டும், வெயில் நன்றாக விழ வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. என் முதல் வாளிக்கு அடியில் ஓட்டை போடாததால் இரண்டு துண்டு அழுகிப்போனது. மூன்று மாதம் ஒடிக்காமல் விட்டுவிட்டு, ஏறிக்கொள்ள ஒரு கயிறு கட்டுங்கள். எங்கள் கொடி மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இப்போது தண்ணீர்த் தொட்டி வரை போயிருக்கிறது.