அறுப்பின் பண்டிகைப் பணத்தில் வாங்கிய கீபோர்டு

விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பறங்கிக்காய் 700 ரூபாய்க்குப் போனது. இரண்டு சேவல், ஒரு மூட்டை நெல், ஒரு தூக்கு நிறைய நாட்டு முட்டை, வாழைத்தார் என்று எல்லாம் சேர்ந்து, பந்தல் செலவு போக 18,500 ரூபாய் நின்றது. அதை அப்படியே போதகர் ஐயா என் கையில் கொடுத்தார். "கோயிலுக்கு ஒரு கீபோர்டு வாங்கிடுங்கம்மா. பாமாலைக்கு ஆர்கன் மாதிரி கேக்கணும், கீர்த்தனைக்குப் பியானோ மாதிரி கேக்கணும். உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். பாமாலை மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாட்டு, கீர்த்தனை நம் ராகத்தில் அமைந்த பாட்டு.

எங்கள் சபை பொறையாறுக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. தரங்கம்பாடிக் கடற்கரைக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-இல் வந்து இறங்கிய கரை அது. அவர் காலத்தில் கட்டிய புது எருசலேம் ஆலயம் 1718-இலிருந்து அங்கே நிற்கிறது. எங்கள் கோயில் அவ்வளவு பழையதில்லை, ஓட்டுக்கூரைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாமாலையை நான்கு குரலில் பாடுவார்கள். அப்பா கால்மிதி ஆர்மோனியம் வாசிப்பார். இரண்டு பலகையையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதி நின்றால் பாட்டும் நின்றுவிடும். அவருக்குப் பிறகு நான் வாசித்தேன். உப்புக்காற்றில் ரீடுகளில் பச்சைக் களிம்பு ஏறி, துருத்தித் தோலும் வெடித்த பிறகு அதைச் சரிசெய்ய ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் கை ஆர்மோனியத்தை வைத்தே ஓட்டினோம்.

எனக்கு வேண்டியது இரண்டே ஒலிகள், ஆனால் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும். தஞ்சாவூரில் இரண்டு கடை, திருச்சியில் ஒரு கடை ஏறி இறங்கினேன். எங்கள் தபேலாத் தம்பியும் கூட வந்தான். அங்கே காதால் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதினால், இதேபோல் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதல் கடைக்குள் நுழைந்ததும் அங்கிருந்த பையன் ரிதத்தைப் போட்டுவிட்டு ஒற்றை விரலால் ஒரு மெட்டு வாசித்துக் காட்டினான். கடையே அதிர்ந்தது. டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் பெட்டியே வாசிக்கும்போது பியானோ எப்படி இருக்கிறது என்று யாருக்கும் கேட்காது. "தம்பி, ரிதத்தை நிறுத்துங்க. ரிவெர்ப் இருக்குல்ல, அதையும் அணைச்சிடுங்க" என்றேன். ரிவெர்ப் என்பது எதிரொலியைச் சேர்த்து ஒலியைப் பெரிதாக்கிக் காட்டுவது. அணைத்ததும் அந்தப் பெட்டியின் பியானோ பாதி ஆளாகிவிட்டது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். நம் பணம், நம் காது.

அடுத்து டோன், அதாவது ஒலிகளின் எண்ணிக்கை. 400 டோன், 600 டோன், 800 டோன் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் பெரும்பாலும் 128 டோன், 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலைச் சேர்ந்தவை. எந்தப் பெட்டியிலும் பாட்டுக் கோப்பு ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பதற்காக வைப்பது. அதில் 1 முதல் 8 வரை பியானோ வகை, 17-இலிருந்து ஆர்கன் வகை. 20 சர்ச் ஆர்கன், 21 ரீடு ஆர்கன். கம்பெனி அக்கறையாகச் செய்த ஒலிகள் பட்டியலின் முன்பக்கத்தில் இருக்கும். ஆகவே "சர்ச் ஆர்கன்" என்ற பெயரைப் பார்த்தவுடன் திருப்திப்படாமல், முன்னால் ஒரு பைப் ஆர்கன் தனியாக இருக்கிறதா என்று தேடி, இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

ஆர்கன் என்று கேட்டால் கடைக்காரர்கள் வேறொன்றையும் வாசித்துக் காட்டுவார்கள். 1935-இல் அமெரிக்காவில் வந்த ஹேமண்ட் மின் ஆர்கனின் ஒலி அது; லெஸ்லி ஸ்பீக்கரில் சுழன்று சுழன்று வரும். நல்ல ஒலிதான். துதிப் பாடல் வேகமாகப் போகும்போது அதன் கீழே பிரமாதமாக உட்காரும். ஆனால் மெதுவான பாமாலைக்குக் குழாய் ஆர்கன்தான் வேண்டும். கேட்கும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது நான் செய்த சோதனை. ஆர்கனைப் போட்டு, இடது கையில் கீழ் ஸட்ஜத்தையும் வலது கையில் ஸ-க-ப மூன்றையும் பிடித்து, மனதுக்குள் இருபது எண்ணினேன். விலை குறைந்த ஒரு பெட்டியில் ஆறு எண்ணுவதற்குள் ஒரு துடிப்பு கேட்க ஆரம்பித்தது. வ்வா, வ்வா, வ்வா என்று, தூரத்து வயலில் தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல. இந்தப் பெட்டிகள் உண்மைக் குழாயின் ஒலியைப் பதிவு செய்து, அதில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் நீண்ட ஒலியைத் தருகின்றன. துண்டு மிகவும் சின்னதாக இருந்தால் ஒட்டுப்போட்ட இடம் காதில் இடறும். ஒரு விரல் மெட்டு வாசிக்கும்போது இது தெரியவே தெரியாது. பாமாலையின் கடைசி ஆமென்னில், சபை முழுவதும் மூச்சை இழுத்துப் பிடித்துப் பாடும்போது, பட்டென்று தெரியும்.

இன்னொன்று, அதே ஆர்கனில் ஒரு கட்டையை மெதுவாக அழுத்திவிட்டு, பிறகு ஓங்கி அழுத்திப் பாருங்கள். உண்மையான குழாய் ஆர்கனில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் வரும். காற்று திறக்கும் அல்லது மூடும், அவ்வளவே. பியானோவில் இதற்கு நேர் எதிர், விரலின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாற வேண்டும். அதனால் டச் ரெஸ்பான்ஸ் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம், அதே சமயம் ஆர்கனுக்கு அதை அணைக்கவும் முடிய வேண்டும். ஒரு பெட்டியில் இதை அணைக்கும் வழியைக் கடைக்காரராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்குரல்கள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, நாலு பேர் நாலு திசையில் நின்று பாடுவதுபோல் இருந்தது.

பியானோவுக்கு இரண்டு சோதனை போதும். ஒரே கட்டையைப் பத்து தரம், மிக மென்மையிலிருந்து ஓங்கி அடிப்பதுவரை ஏற்றிக்கொண்டே போங்கள். நல்ல பெட்டியில் சத்தம் கூடுவதோடு ஒலியின் நிறமும் மாறும். மென்மையாக அழுத்தினால் உருண்டையாக, ஓங்கினால் கொஞ்சம் கம்பியின் கணீர். மட்டமான பெட்டியில் ஒரே ஒலியின் வால்யூமைத்தான் கூட்டிக் குறைப்பார்கள். இரண்டாவது, சஸ்டைன் பெடலை மிதித்துக்கொண்டு கீழே ஒரு பேஸ் சுரத்தை அழுத்தி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலே வரிசையாக ஓடுங்கள். பேஸ் நடுவில் காணாமல் போனால் அந்தப் பெட்டியின் பாலிஃபோனி, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை, தீர்ந்துவிட்டது என்று பொருள். பத்து விரலுக்கு 48 சுரம் எதற்கு என்று தோன்றும். பெடலை மிதித்தால் பழைய சுரங்கள் எல்லாம் ஒலித்துக்கொண்டே இருக்கும், ஸ்டீரியோ பியானோ ஒரு சுரத்துக்கு இரண்டைக்கூட எடுத்துக்கொள்ளும். 48-க்குக் கீழே போகாதீர்கள்.

கடைசியில் இரண்டு பெட்டி நின்றது. யமஹா பிஎஸ்ஆர் இ373, காஸியோ சிடி எஸ்1. இரண்டிலும் 61 கட்டை, இரண்டிலும் டச் உண்டு. யமஹாவில் 622 ஒலி, ரிதம், திரை எல்லாம் இருக்கிறது. "போர்ட்டபிள் கிராண்ட்" என்று ஒரு பொத்தான் உண்டு. எதில் சிக்கிக்கொண்டிருந்தாலும் அதை ஒரு தடவை அழுத்தினால் பியானோவில் வந்து நிற்கும். பாலிஃபோனி 48. பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வீட்டுக்கு நான் இதையே சொல்வேன், தயக்கமே இல்லை. காஸியோவில் 61 ஒலிதான். ரிதம் கிடையாது, திரையும் கிடையாது. பாலிஃபோனி 64. அட்டையை வைத்துப் பார்த்தால் இதை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். ஆனால் நான் இருபது எண்ணினேன். ஆர்கன் ஒரே நூலாக நின்றது. விரலை எடுத்ததும் சட்டென்று அறுபடாமல், கோயில் சுவரில் பட்டு அடங்குவதுபோல் அடங்கியது. பியானோவை மென்மையாகத் தொட்டபோது தபேலாத் தம்பி தலையைத் தூக்கிப் பார்த்து, "அக்கா, இது" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அதையே வாங்கினோம். பெடலும் எக்ஸ் ஸ்டாண்டும் சேர்த்து ஏலப் பணத்துக்கு மேல் கொஞ்சம் போனது. அதை நான் போட்டுக்கொண்டேன்.

சுருதி மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் சபையில் கீர்த்தனையை யார் ஆரம்பிக்கிறார்களோ அவர்கள் வைத்ததுதான் சுருதி. ஆண்கள் எடுத்தால் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. அக்காமார் எடுத்தால் ஐந்து, ஐந்தரை. சிடி எஸ்1-இலும் டிரான்ஸ்போஸ், அதாவது விரல் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றும் வசதி, உண்டு, ஆனால் பங்ஷன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கீபோர்டுக் கட்டையை அழுத்தி மாற்ற வேண்டும். எண் காட்டத் திரை இல்லை. நான் ஆர்மோனியத்தில் வளர்ந்தவள், எந்தச் சுருதிக்கும் விரலையே மாற்றிக்கொள்வேன். ஒரே சுருதியில் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் திரையுள்ள பெட்டியை எடுப்பது நல்லது.

மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களுக்குத் தபேலா, தம்புரா ஒலிகளோடு இந்தியாவுக்கென்றே செய்த மாடல்கள் இரண்டு கம்பெனியிலும் உண்டு: பிஎஸ்ஆர் ஐ500, சிடி எக்ஸ்9000ஐஎன். மேடைக்காரர்கள் விரும்பும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ் 10-இல் ஸ்பீக்கர் கிடையாது, வெளியே ஒன்று வைத்தே ஆக வேண்டும். பியானோவையே முறையாகப் படிக்கிற பிள்ளைக்கு 88 கனமான கட்டையுள்ள யமஹா பி45 போன்றதுதான் சரி. ஆனால் அது பதினொன்றரைக் கிலோ. எங்கள் பெட்டி வாரம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஸ்கூட்டியில் போகிறது.

வாங்கி வந்த முதல் ஞாயிறு எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. வீட்டில் அவ்வளவு அழகாகக் கேட்ட பியானோ, கோயில் மிக்சரில் செருகியதும் குகைக்குள்ளிருந்து வருவதுபோல் உள்ளீடற்று ஒலித்தது. ஆர்கனில் பேஸே இல்லை. பெட்டியில் கோளாறு என்று நினைத்துவிட்டேன். கோளாறு ஒயரில். கீபோர்டிலிருந்து ஹெட்போன் துளை வழியாக வருவது ஸ்டீரியோ. அதை ஸ்டீரியோ முனையுள்ள ஒயரால் மிக்சரின் பேலன்ஸ்டு துளையில் நேராகச் செருகினால், அது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். இரண்டிலும் பொதுவாக இருக்கிற ஒலி, அதாவது பியானோவின் உடம்பு, ரத்தாகிவிடும். ஒரு பக்கம் ஸ்டீரியோ முனையும் மறுபக்கம் இரண்டு மோனோ முனையும் உள்ள ஒய் ஒயர் வாங்கி, இரண்டு சேனலில் செருகினோம். பழைய பெரிய பாக்ஸிலிருந்து கீழ் ஸட்ஜம் வந்தபோது பெஞ்சு அதிர்ந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டார். "உங்கப்பா காலத்துச் சத்தம்மா" என்றார்.

பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்காமலேயே ஒலி நீண்டு மிதித்தால் நின்றால், பதற வேண்டாம். பெட்டியை அணைத்துவிட்டு, பெடலைச் செருகி, அதன் மேல் காலை வைக்காமல் திரும்பப் போடுங்கள். பல பெட்டிகளில் அதிலேயே சரியாகிவிடும். சில பெடல்களின் அடியில் மாற்றிவிட ஒரு சின்ன ஸ்விட்சும் இருக்கும். அடாப்டரை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்: நான் பார்த்த அந்த யமஹாவுக்கு 12 வோல்ட், எங்கள் காஸியோவுக்கு 9.5 வோல்ட்.

கரண்ட் விஷயமும் இங்கே சாதாரணமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் இருட்டாகக் கிடந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் பேட்டரியில் ஓடுமா என்பது என் முதல் கேள்விகளில் ஒன்று. எங்கள் காஸியோவுக்கு ஆறு பென்சில் செல் போதும். மார்கழியில் கேரல் ரவுண்ட்ஸ் போனபோது, இதன் பக்கவாட்டிலிருக்கும் குமிழில் பட்டை மாட்டி, தம்பி ஒருவன் தோளில் தொங்கவிட்டுக்கொண்டே வாசித்தான். வரப்பில் பனி கொட்டியது. ஊருக்குள் திரும்பியதும் முதலில் பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடித்தோம்.

இப்போது அப்பாவின் பழைய வேட்டியில் இரண்டு மடிப்பாக ஒரு உறை தைத்துப் போட்டிருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செல்களைக் கழற்றித் தனி டப்பாவில் வைத்துவிடுகிறேன். உள்ளேயே விட்டால் கசிந்து உள்ளிருக்கும் தகட்டைத் தின்றுவிடும். எறும்பு வராமல் ஸ்டாண்டின் நாலு காலுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைப்பது கோயில்பிள்ளையின் யோசனை.