பள்ளி மேலாண்மைக் குழு: பெற்றோர் பணிக்கு நல்ல வாசல்

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர், நன்கொடை தருவதற்கும் ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடுவதற்கும் அப்பால் ஏதேனும் செய்ய விரும்பினால், பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்வதே சிறந்த வழி என்பேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதும் சட்டமே தந்த பொறுப்புகள் என்பதால், கழிப்பறைக் குழாய் உடைந்து தண்ணீர் வராமல் கிடப்பதைத் தனியாகப் போய் முறையிடுவதற்கும், அதையே கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கையொப்பமிடுவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

காலை உணவு பரிமாறும் வேளையில் சென்று, கிச்சடி வெந்திருக்கிறதா, சாம்பாரில் காய்கறி இருக்கிறதா என்று உண்டு பார்ப்பதும் பயனுள்ள பணியே.

குறை ஒன்று உண்டு. எங்கள் பள்ளியில் கூட்டம் வேலை நாளின் பிற்பகலில் நடப்பதால், அன்றாடக் கூலிக்குச் செல்லும் தாய்மார் வர இயலுவதில்லை. யாருடைய குரல் அங்கே முதலில் ஒலிக்க வேண்டுமோ, அவர்களே விடுபட்டுப் போகிறார்கள். நேரத்தை மாலைக்கு மாற்றினால், இதைத் தயங்காமல் எல்லாப் பெற்றோருக்கும் பரிந்துரைப்பேன்.